சீலிங் ஒழுகும் வீடியோ

ஜூன் 9, திங்கள்

கத்தரி முடிந்தும் வெயில் விடவில்லை. பத்தரைக்குக் கரண்ட் போயிற்று. இன்வெர்ட்டரில் ஃபேனா, மானிட்டரா? மானிட்டர்தான்.

வேலை: டியூஷன் ஆப். வாத்தியார்கள் சொந்த போனில் பாடம் எடுத்து ஏற்றுகிறார்கள். எங்கள் பிளேயரில் ஓட்டினால் வாய் முந்திக்கொள்கிறது, குரல் பின்னால் வருகிறது. பிளேயருக்குள் ஓடுவது கம்பெனி காசு கொடுத்து வாங்கிய மீடியா எஞ்சின், பெருமைக்குக் குறைச்சல் இல்லை. வெள்ளிக்கிழமை ரிலீஸ். பழி என் தலையில்.

ஆபீஸ் கொடுத்த சோதனை வீடியோக்கள் எல்லாம் ஸ்டூடியோவில் எடுத்தவை. ஒன்றிலும் கோளாறு வரவில்லை. என் போனைத் துழாவியதில் ஒன்று கிடைத்தது. அப்பா எடுத்தது. மூன்று நிமிடம் பத்து வினாடி.

பாத்ரூம் சீலிங் ஒழுகுவதை ஹவுஸ் ஓனர் பாய்க்குக் காட்டுவதற்காக எடுத்தார். முப்பது வருஷம் பீங்கான் ஃபேக்டரிச் சூளை நெருப்பைப் பார்த்த கண், கண்ணாடி இல்லாமல் எதுவும் தெரியாது. அன்று போடவில்லை. முன்பக்கக் கேமராவில் எடுத்துவிட்டார். முழுக்க அவர் முகம்தான். சீலிங் ஒரு துளி இல்லை. "இங்க பாருங்க பாய், எப்புடி ஒழுவுது பாருங்க. புள்ள வழுக்கி உழுந்தா யாரு பதில் சொல்றது?"

அடுத்த வாரம் போய்ச் சேர்ந்தார். அவர் குரல் இருக்கிற வீடியோ இது ஒன்றுதான். ஐந்து மாதமாகத் திறக்கவில்லை.

போனில் ஒரு நிமிடம் பார்த்தேன். வாயும் குரலும் சேர்ந்தே வருகின்றன. அதற்கு மேல் பார்க்க முடியவில்லை, மூடிவிட்டேன். எங்கள் பிளேயரில் கடைசி வரை ஓட்டினேன். முடிவில் முழுசாக இரண்டு வினாடி முந்துகிறது படம். நான் தேடியது இதுதான்.

தயிர் புளித்துவிட்டது. காஸ் பதிய வேண்டும்.

ஜூன் 10, செவ்வாய்

காரணம் தெரிந்தது. வெளிச்சம் குறைகிற சில வினாடிகளில் போன் வினாடிக்கு முப்பது படம் எடுக்காது, இருபத்தெட்டு, இருபத்தொன்பது, அதன் இஷ்டம். எங்கள் எஞ்சின் முப்பது என்றே எண்ணி ஓட்டுகிறது. படம் ஓடிவிடுகிறது. குரல் தன் பாட்டுக்கு வருகிறது.

டீம் லீடு ஆனந்த், சென்னையிலிருந்து: "படத்த ரெண்டு செகண்டு லேட் பண்ணிடுங்க தமிழ். மேட்டர் ஓவர்."

"கடைசி சரியாவும், முதல்ல தப்பாயிடும் சார்." தலைவலி போய்த் திருகுவலி.

"எவன் முழுசா பாக்கப் போறான்?"

இவன் எதைத்தான் முழுசாகப் பார்த்தான். அப்பா போன செய்தியை வாட்ஸாப்பில் சொன்னதற்கு ஒரு கும்பிடு பொம்மை. அடுத்த வரியில், "இந்த வார பில்டு யாரு பாப்பாங்க?" நான் பார்க்கிறேன் என்று எழுதியவள் நான்தான். மூன்றாம் நாள் லேப்டாப்பைத் திறந்தேன். அவனைச் சொல்லி என்ன.

வீடியோவின் கடைசி. அப்பாவுக்கு நிறுத்தத் தெரியவில்லை. "தமிழு, இத எப்புடிம்மா நிறுத்துறது?" வெளியிலிருந்து என் குரல்: "செவப்ப அமுக்குங்கப்பா! மீட்டிங்ல இருக்கேன்ல. சும்மா சும்மா கூப்புடாதீங்க."

இன்று எங்கள் பிளேயரில் நாற்பது தடவை ஓட்டிக் கேட்டேன். ஒரே ஆறுதல், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் முகம் வாடிவிடுகிறது. கை வலித்திருக்கும். ஒழுகலைப் பற்றிய கவலையாக இருக்கும். என்னால் இல்லை.

ஜூன் 11, புதன்

புழுக்கம். காலையில் காபி டபரா தவறி விழுந்து, ஃபேக்டரியிலிருந்து அப்பா கொண்டுவந்த கோணல் கப் ஒன்று உடைந்தது. எங்கள் வீட்டில் எல்லாக் கப்பும் கழித்துக்கட்டியவைதான். கைப்பிடி நேராக இருப்பது ஒன்றுகூட இல்லை.

அம்மா வாசலில் நின்று: "அந்த மனுசன எத்தினி தடவடி பேச வெப்ப?" ஹெட்போன் மாட்டிக்கொண்டேன். அரைமணி கழித்து வந்து தோளைத் தொட்டாள். "கழட்டுடி. பேசட்டும். வூட்டுல ஆளு இருக்காப்புல இருக்குது."

கழற்றினேன். கடைசி பத்து வினாடி வரும்போது மட்டும் ஒலியைக் குறைத்தேன்.

மூன்று வழி முயன்றேன். மூன்றும் குப்பை.

ஜூன் 12, வியாழன்

கிடைத்தது. ஒவ்வொரு படத்தோடும் அது எடுக்கப்பட்ட நேரம் ஃபைலிலேயே இருக்கிறது. எஞ்சின் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு எண்ணிக்கையை நம்பிக்கொண்டிருந்தது. எண்ணாதே, நேரத்தைப் பார் என்று மாற்றினேன். அறுபது வரிகூட இல்லை.

சாயங்காலம் நாலு மணி. ஓட்டினேன். "ஒழுவுது" என்கிறார், வாய் குவிகிறது. ஒரு இம்மி பிசகில்லை. கைதட்டத் தோன்றியது.

கடைசி. "இத எப்புடிம்மா நிறுத்துறது?" சிரித்துக்கொண்டு கேட்கிறார். பெரிய காரியம் செய்துவிட்ட சந்தோஷம். அந்தச் சிரிப்பு அப்படியே இருக்கிறது. என் குரல் வருகிறது. அதற்கப்புறம்தான் முகம் வாடுகிறது.

அதற்கப்புறம்தான்.

மூன்று தடவை ஓட்டினேன். மாறவில்லை. மாறாது, நான்தான் சரி செய்திருக்கிறேனே.

சாப்பிடவில்லை.

ஜூன் 13, வெள்ளி

நாலு தூறல். பாத்ரூமில் பக்கெட் வைத்தாயிற்று. பாய் இன்னும் ஆள் அனுப்பவில்லை.

ரிலீஸ் போயிற்று. நன்றி மெயிலில் ஆறு பேர். நான் இல்லை. ஆனந்திடமிருந்து தனியாக: "நீங்க சொன்ன அந்த பாத்ரூம் வீடியோ செம. அனுப்புங்க தமிழ், இனிமே ஒவ்வொரு பில்டுலயும் டெஸ்ட்டுக்கு தானா ஓட்டிப் பாத்துக்கலாம்." ஃபைல் அழிந்துவிட்டது என்று எழுதினேன்.

சாயங்காலம் அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "சரி பண்ணிட்டியாமே. முழுசா போடு, பாக்கலாம்."

பழைய பிளேயரைத் திறந்து, அதில் போட்டேன். சரி செய்யாததில்.

கடைசி வரை பார்த்தாள். "என்னாடி, வாயி இன்னும் முந்திக்கிட்டுதான போவுது?"

"ஆமாம்மா. இன்னும் சரியாவல."