முள் அசையாத திருப்பம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். நாங்களும் சுகம் என்று வழக்கம்போல எழுத இந்தத் தடவை கை வரவில்லை. குழந்தைக்கு இருமல் விட்டதா? தலையைத் துவட்டாமல் வெளியே விடாதே.

தம்பி ஓட்டிய பஸ்ஸில் ஒரு அம்மா விழுந்து இறந்ததை அப்பா போனில் சொல்லியிருப்பார், அதுவும் பாதிதான் சொல்லியிருப்பார். மார்க்கெட் முனையில் வண்டி திரும்பும்போது, நின்றுகொண்டிருந்தவர் படி வழியாக வெளியே போய் விழுந்துவிட்டார். விசாரணையில் கேட்டது ஒரே கேள்வி, என்ன வேகம் என்று. வண்டியில் வேகத்தைப் பதிகிற மெஷினில் முப்பது, திருப்பத்திலும் கூடவும் இல்லை குறையவும் இல்லை. அந்த ரோட்டில் நாற்பது வரை போகலாமாம். இவன்மேல் தப்பில்லை, அவருக்குத்தான் ஒழுங்காக நிற்கத் தெரியவில்லை என்று முடிக்கப்போகிறார்கள். அப்பாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உன் தம்பிக்குத்தான் சோறு இறங்கவில்லை. வேகம் சரிதானேடா, பிறகென்னடா என்று நானும் கத்திவிட்டேன். அவன் எழுந்து தட்டில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துக்கொண்டு கூடத்திலிருந்து விறுவிறுவென்று நடந்தான், சமையலறை வாசலில் அதே நடையில் சட்டென்று திரும்பினான், டம்ளர் கவிழ்ந்து தண்ணீரெல்லாம் என் காலடியில். நடையைக் கூட்டலை, குறைக்கலை, பாத்தியாம்மா என்றான். வேகம்னா எவ்வளவுங்கிறது மட்டும்தான், திசைவேகம்னா எந்தப் பக்கம்ங்கிறதும் சேர்த்தி, பக்கம் மாறினாலே அது முடுக்கம்தான், வேகம் காட்டுற முள்ளு அசையாது, ஆனா நிக்கிறவங்களைத் தூக்கிப் போட்டுடும் என்றான். முடுக்கம் என்றால் ஆக்சிலேட்டரை மிதிப்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். தினமும் அங்கே வண்டியை நன்றாகக் குறைத்துத் திரும்புகிறவன் அன்றைக்குக் குறைக்கவில்லையாம், பின்னால் வந்த பஸ் முந்திவிடுமே என்று. தரையைத் துடைத்துக்கொண்டே அழுதேன்.

அடுத்த மாதம் கடைசி விசாரணை. திருப்பத்தில் ஏன் குறைக்கவில்லை என்று யாரும் கேட்காத கேள்விக்கு இவனாகவே பதில் சொல்லப்போகிறானாம். வேலை போகும், ஜெயில்கூட வரலாம். வாயை மூடிக்கொண்டிருக்கச் சொல்லி நீ ஒரு வார்த்தை பேசினால் போதும் என்று அப்பா உன்னைக் கெஞ்சியிருக்கிறார், எனக்குத் தெரியும். நீ சொன்னால் அவன் கேட்டுவிடுவான், அந்தப் பயத்தில்தான் எழுதுகிறேன். சொல்லாதே. பெற்ற வயிறு எரிகிறது, இருந்தாலும் சொல்லாதே. இறந்தவரின் மகளுக்கு உன் வயதுதான் இருக்கும். விசாரணை நடந்த கட்டிடத்து வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கம்மாவுக்கு நிக்கத் தெரியாதா என்று கேட்டாள். நான் கையை விடுவித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மூன்று பேரும் நோய்நொடியில்லாமல் நன்றாக இருங்கள். விசாரணை முடியும்வரை தம்பிக்குப் போன் செய்யாதே.

இப்படிக்கு,
உன் அம்மா