கேள்வி மட்டும் கேட்கலாம்

அன்பு மகள் பிரவீனாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முட்டி மட்டும்தான் சுகமில்லை. அயர்லாந்துக் குளிரில் உன்னையும் அவர் பத்திரமாக வைத்திருக்க ஜெபிக்கிறோம். போனில் பேசினால் நான் அழுதுவிடுவேன், நீயும் பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

மூக்கண்டப்பள்ளியில் நாம் குடியிருந்த லைன் வீட்டை இடித்துவிட்டார்கள், தெரியுமா? போன வாரம் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன், அங்கே மூன்று மாடி எழும்பி நிற்கிறது. அந்த ஒற்றை அறையில்தானே சனிக்கிழமை சாயங்காலம் வேதபாடம் நடக்கும், அப்பா கட்டிலை வெளியே தூக்கிப் போடுவார், ஷிப்ட் முடித்தவர்கள் யூனிபார்மோடு வந்து உட்காருவார்கள், ஒரே பகுதியைத் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் வாசித்து முடிப்பதற்குள் எனக்குச் சுண்டல் வெந்துவிடும். நீ பாகலூர் சரிதாவின் மடியில் உட்கார்ந்து, அர்த்தம் தெரியாமலே கன்னடப் பாட்டை எல்லாரையும்விடச் சத்தமாகப் பாடுவாய். அப்போது உன் முகம் இருக்குமே, அதற்காகவே நான் அடுப்பை விட்டு எட்டிப் பார்ப்பேன். நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது.

உன் செய்தியைப் படித்தேன். அங்கே நர்சுகளாகச் சேர்ந்து நடத்தும் வேதபாடத்தில் பல மாதம் ஜெபித்து, ஒடிசா மலையிலுள்ள மிஷன் ஆஸ்பத்திரிதான் உன் அழைப்பு என்று தோன்றுவதாகவும், நம் கூட்டமும் பழைய வழக்கப்படி கேள்வி கேட்க வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். அந்த வழக்கத்தை நீ மறக்காதது சந்தோஷம்தான். ஒருவர் தன் அழைப்பைக் கூட்டத்தில் வைத்தால் யாரும் புத்தி சொல்லக்கூடாது, கேள்வி மட்டும் கேட்கலாம், அதுவும் கேட்பவருக்கே விடை தெரியாத கேள்வியாக இருக்க வேண்டும். கம்பெனியை விட்டு முழுநேர ஊழியத்துக்குப் போகலாமா என்று அப்பா வைத்தபோதும் அப்படித்தான், அந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடித்தான் தன் ஊழியம் லேத் மெஷின் பக்கத்திலேயே இருக்கிறது என்று அவர் கண்டுகொண்டார்.

போன சனிக்கிழமை நம் கூட்டத்து ஆஞ்சப்பன் அண்ணன் வீட்டில் கூடினோம். போகாமல் இருந்துவிட்டால் பிரவீனா எதை இழப்பாள் என்று அவர் கேட்டார். என் முறை வந்ததும், நம் ஓசூரிலேயே இத்தனை ஆஸ்பத்திரி இருக்கும்போது அவ்வளவு தூரம் எதற்கு என்று கேட்டேன். சரிதா சிரித்துவிட்டாள். “அக்கா, அது கேள்வியில்ல, புத்தி. வேற கேளுங்க.” சரி, கல்யாண வயது போகிறதே, அதற்கு என்ன செய்வாள் என்றேன். அதுவும் தள்ளுபடி. பெற்றவள் வாயை அடைக்க இவர்கள் யார் என்று கோபம் வந்தது, எழுந்து சமையலறைக்குப் போய் நின்றுகொண்டேன். அடுத்த வருடம் நீ ஊரோடு வந்துவிடுவாய் என்று மாடி அறைக்கு அப்பா உனக்குப் பிடித்த நீலத்தில் பெயிண்ட் கூட அடித்துவிட்டார், அது உனக்குத் தெரியாது.

வாரமெல்லாம் யோசித்ததில் ஒரே ஒரு கேள்வி கிடைத்தது. அந்த மலையை நினைக்கும்போது, லைன் வீட்டில் பாடினாயே, அந்த முகம் உனக்கு வருகிறதா? கேட்டு எழுதலாம் என்று உட்கார்ந்தபோதுதான் போன ஞாயிறு ஞாபகம் வந்தது. வீடியோவில் அந்த ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனாய். நீ அயர்லாந்து போனதிலிருந்து நான் பார்க்காத முகம் அது. விடை எனக்கே தெரிந்துவிட்டது, இனி அதையும் கேட்க முடியாது. வருகிற சனிக்கிழமை கூட்டத்தில் சொல்லிவிடுகிறேன், பெற்றவளிடம் கேள்வி எதுவும் இல்லை என்று. வலிக்கத்தான் செய்கிறது கண்ணு.

கர்த்தர் உன் கையைப் பிடித்து நடத்துவாராக. அப்பாவின் ஆசீர்வாதமும் உனக்கு. மலைக்குப் போகும் முன் அந்த நீல அறையில் கொஞ்ச நாள் தங்கிவிட்டுப் போ. அயர்லாந்தில் வாங்கிய ஸ்வெட்டரையெல்லாம் தானம் பண்ணிவிடாதே, மலையிலும் குளிரும். இது கேள்வியில்லை, புத்திதான்.

இப்படிக்கு,
உன் அம்மா மாதேஸ்வரி,
ஓசூர்.