கேஸும் இல்லை, காகிதமும் இல்லை

ஜூன் 3, செவ்வாய்

வெயில். என் தேங்காய்ப்பால் சோற்று நாசி லெமாக் மேசையைப் பாதி வியாபாரத்திலேயே எடுத்துவிட்டேன். தம்பி ஆரோக்கியம் லோக்கப்பிலிருந்து வந்துவிட்டான். போலீஸ் ஜாமீன், கூப்பிட்டால் போக வேண்டும். குளித்தான், ரசம் சோறு, உடனே படுக்கை.

நடந்தது இவ்வளவுதான். ஒரு கண்ட்ராக்டர் செம்பனைக் குலை ஏற்றிய லோரியை எண்ணெய் ஆலைக்குக் கொண்டுபோகச் சொன்னான். இவன் கொண்டுபோனான். திருட்டுக் குலை என்று வழியில் மறித்தார்கள். கண்ட்ராக்டர் ஆளே இல்லை. ஓட்டினவன் உள்ளே.

ரிமாண்டுக்குக் கோர்ட்டில் இறக்கியபோது எவனோ போட்டோ எடுத்திருக்கிறான். லோக்கப் ஆரஞ்சுச் சட்டை, கையில் விலங்கு. எங்கள் தாமான் குடியிருப்பு வாட்சாப் முழுக்க அதுதான். மேசைக்கு வந்த ஒருத்தி இன்னொருத்தியிடம்: "கோர்ட்டுக்கே கொண்டு போய்ட்டாங்களாம். இனி ஜெயிலுதான் லா." என் காதுபடவே. சம்பலைக் குறைத்து ஊற்றினேன்.

சாயங்காலம் சவரிமுத்து அண்ணன் போன். கோயில் குழுச் செயலாளர்.

"பிலோமினா, இந்த வருஷம் அந்தோணியார் லோரிய வேற ஆளு ஓட்டட்டும்மா. கேஸ் முடியட்டும்."

"என்னா கேஸுண்ணே?"

"அதான், கோர்ட்டுக் கேஸு."

திருநாள் 15, ஞாயிறு. பவனியில் அந்தோணியார் சுரூபம் ஏறுகிற லோரியை வருடாவருடம் இவன்தான் ஓட்டுகிறான். சுங்கை புரோங் நெல்லுக்காரத் தவுக்கே, சீன முதலாளி, இவனை நம்பித்தான் லோரியே தருகிறார். குழுவில் இவனுக்கு நாற்காலி கிடையாது. மேடையில் பொன்னாடை கிடையாது. இருக்கிற ஒரே மரியாதை அந்த ஸ்டியரிங். அதையும் பிடுங்குவார்களா? பார்த்துவிடுகிறேன்.

ஜூன் 4, புதன்

மேசை லீவு. போலீஸ் நிலையம்.

கவுண்ட்டரில் சின்ன வயதுப் போலீஸ்காரர், மரியாதையாகத்தான் பேசினார். பிடிபட்டவர்கள் பட்டியலைப் பார்க்கலாமா என்று மலாயில் கேட்டேன். சிரித்துவிட்டார். அப்படி வருகிறவர் போகிறவர் பார்க்கிற பட்டியல் எதுவும் இல்லையாம். தம்பியின் அடையாள அட்டை, ஐ.சி. எண் கேட்டார். நல்லவேளை, கையில் இருந்தது. விசாரணை அதிகாரியின் பெயர் சொன்னார், உட்காரச் சொன்னார்.

பக்கத்தில் ஒரு சீனக் கிழவர், மோட்டார் சைக்கிள் காணாமல் போய்விட்டதாம். எனக்கு ஒரு மிட்டாய் கொடுத்தார். அது ஏனோ கண்ணீரை வரவழைத்தது. பசிதான் காரணம் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அதிகாரி வந்தார், பெண். விசாரணை முடியவில்லை, இன்னும் குற்றம் சாட்டவில்லை, சாட்டுவார்களா மாட்டார்களா என்று அவராலும் சொல்ல முடியாது. "கோர்ட்டில் கேட்டுப் பாருங்கள்" என்றார்.

கேட்கிறேன்.

ஜூன் 5, வியாழன்

கோலசிலாங்கூர் கோர்ட். வாசலுக்குள் பலகை, அன்றைய கேஸ் பெயர்கள். முன்னால் கூட்டம், தேர்வு முடிவு பார்ப்பது போல் விரலை வைத்துத் தேடுகிறார்கள். நானும் தேடினேன். தம்பி பெயர் இல்லை. திரும்ப முதலிலிருந்து. இல்லை.

கவுண்ட்டர் அக்காவும் ஐ.சி. எண் போட்டுப் பார்த்தார். இல்லை.

மறந்துபோகும், எழுதி வைக்கிறேன்:

- பிடித்தார்களா என்று தெரிய போலீஸ்தான். ஐ.சி. எண் இல்லாமல் போகாதே. அதிகாரி பெயர் வாங்காமல் திரும்பாதே.
- ரிமாண்ட் என்பது விசாரிக்க நாள் கேட்டு மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்துவது. அது கேஸ் இல்லை!! பலகையிலும் வராது.
- குற்றம் சாட்டினால்தான் கேஸ் எண். பிறகு பலகையில் பெயர். கோர்ட் வலைத்தளத்திலும் தேதி போட்டுப் பார்க்கலாம். ஐ.சி.யில் உள்ள முழுப்பெயர் வேண்டும். "லோரி ஆரோக்கியம்" என்று தேடினால் காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தரும் அந்தோணியாரே வந்தாலும் ஆகாது.

ஆக, ஆரஞ்சுச் சட்டையைப் பார்த்துத் தாமானே தீர்ப்பு எழுதிவிட்டது. மாஜிஸ்திரேட்டுக்கு வேலை மிச்சம்.

கேஸ் இல்லை என்று ஒரு கடிதம் தரமுடியுமா என்று கேட்டேன். அந்த அக்கா மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "கேஸே இல்லை. பிறகு எந்தக் காகிதத்தில் நான் முத்திரை குத்த?"

ஜூன் 7, சனி

நவநாள் முடிந்து குழுக் கூட்டம். நான் உறுப்பினர் இல்லை. போனேன்.

போலீஸில் சொன்னது, கோர்ட்டில் சொன்னது எல்லாம் சொன்னேன். சவரி அண்ணன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிம்மா. சாப் அடிச்ச லெட்டர் ஒன்னு கொண்டா."

"கேஸு இருந்தாத்தான் லெட்டரு. இல்லாததுக்கு எவன் சாப் அடிப்பான்?"

"அப்ப சனங்களுக்கு நாங்க என்னாத்த காட்டுறது?"

எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "சரிண்ணே. சட்டம்னா எல்லாருக்கும். சுரூபம் தூக்குறவங்க, காசுப்பெட்டி பிடிக்கிறவங்க, எல்லாரும் ஐ.சி. எடுங்க. இந்தா போனு. ஒவ்வொருத்தரா தேடிருவோம்."

ஒருவரும் பர்ஸைத் தொடவில்லை. பின்னால் யாரோ இருமினார்கள், இருமலா சிரிப்பா தெரியாது.

கடைசியில் முடிவு: திருநாள் வரை கோர்ட்டில் பெயர் வராவிட்டால் அவனே ஓட்டலாம். வீட்டுக்கு வந்து சொன்னேன். தம்பி ஆ. சுவரைப் பார்த்துக்கொண்டே, "ஏன்க்கா அவங்ககிட்டலாம் போய் நிக்கிற?" என்றான்.

நிற்பேன். என் கால்.

ஜூன் 10, செவ்வாய்

புகைமூட்டம். தேங்காய் விலை மறுபடி ஏற்றம். சோறு வேகும்போதே போனில் கோர்ட் பட்டியல். இல்லை.

சங்கதி பரவிவிட்டது. மூன்றாவது சந்து மேரி வந்தாள், மகளுக்குப் பார்த்த பையன் பெயரைத் தேடித் தரவேண்டுமாம். சொன்னேன்: "பேரு இருந்தா குத்தவாளின்னு அர்த்தம் இல்ல. பேரு இல்லேன்னா நல்லவன்னும் அர்த்தம் இல்ல. பையனையே கூப்ட்டு கேளு." கோபித்துக்கொண்டு போனாள். இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டுதான் போனாள்.

ஜூன் 12, வியாழன்

மாலை அதிகாரி போன். நாளைக் காலை கோர்ட். குற்றம் சாட்டுகிறார்கள்.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். உரித்து முடித்தேன்.

ஜூன் 13, வெள்ளி

இன்றுதான் உண்மையில் அந்தோணியார் நாள், கொண்டாட்டம்தான் ஞாயிறு. கோயிலுக்குப் போகவில்லை.

பலகையில் பெயர். ஆரோக்கியசாமி, மரியதாஸ் மகன். அப்பா பெயரும் கூடவே அங்கே. அப்பாவை ஒருவர் ஒரு சொல் சொன்னது கிடையாது. கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

இலவச வக்கீல், சின்னப் பெண், நல்ல பெண். குற்றத்தைப் படித்தார்கள். புரிந்ததா என்று கேட்டார்கள். ஆ. இத்தனை நாள் சுவரைப் பார்த்தே கிடந்தவன், கூண்டில் நிமிர்ந்து நின்று, "புரிந்தது. நான் திருடவில்லை. விசாரணை வேண்டும்" என்றான். மலாயில், கணீரென்று. ஜாமீனுக்கு நான் கையெழுத்து. அடுத்த தேதி ஜூலையில்.

வெளியே வந்து பஸ் நிற்குமிடத்தில் உட்கார்ந்தே கோயில் வாட்சாப்பில் நானே போட்டேன். எவனும் எட்டிப் பார்த்து எடுத்துப் போட வேண்டாம். கேஸ் எண், அடுத்த தேதி, கீழே: "என் தம்பி மீது குற்றம் சாட்டியிருக்கிறார்கள். அவன் மறுத்திருக்கிறான். தீர்ப்பு வரவில்லை. நேற்று வரை நிரபராதி, இன்றும் நிரபராதி. சந்தேகம் உள்ளவர்கள் என் மேசைக்கு வந்து கேட்கவும்."

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? இல்லை. அதனால்தான் நானே திறந்து வைத்தேன்.

ஜூன் 14, சனி

வாட்சாப்பில் கைகூப்பிய படங்கள். ஒரு ஆள் "ஜெபிப்போம்." மேசைக்கு யாரும் கேட்க வரவில்லை, வியாபாரம் மட்டும் சுமார்.

குழு முடிவு: சவரி அண்ணன் மருமகன் வின்சென்ட் ஓட்டுவான். பள்ளி வேன் ஓட்டுகிறவன். தவுக்கேயிடம் லோரியை வாங்கி வந்து, சாவியைக் குழுவிடம் கொடுத்தது ஆ.தான். எனக்குத்தான் வயிறு எரிகிறது.

ஜூன் 15, ஞாயிறு

எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

பவனி வரும் என்று வீட்டு வாசலில் மேசை, வெள்ளைத் துணி, மெழுகுவர்த்தி, மாலை. வருடாவருடம் போல. ஆ. கதவைச் சாத்தச் சொன்னான். சாத்தவில்லை.

பழைய தோட்டத்து லயத்துப் பக்கம் திரும்புகிற முனையில் பாட்டுச் சத்தம் நின்றது. பிறகு கூச்சல். ஓடினேன். லோரியின் பின் சக்கரம் கால்வாயில். வேன் திருப்புகிற மாதிரி ஒடித்திருக்கிறான் வின்சென்ட். சுரூபம் பூவோடு சாய்ந்து நிற்கிறது, அது விழாமல் பெண்கள் சேலையோடு கட்டுக் கயிற்றை இழுத்துப் பிடித்திருக்கிறார்கள். வின்சென்ட் முகம் வெளுத்துப்போய் இறங்கி நின்றான்.

யாரும் பெயர் சொல்லவில்லை. எல்லோரும் என் பின்னால் பார்த்தார்கள். கைலியோடு ஆ. வந்து நின்றிருந்தான்.

சவரி அண்ணன்: "தம்பி, கொஞ்சம் எடுத்து மட்டும் விட்டுடுப்பா. அப்பறம் வின்சென்ட் பாத்துக்குவான்."

ஆ. குனிந்து சக்கரத்தைப் பார்த்தான். நிமிர்ந்தான்.

"எடுத்து மட்டும் விட நா வரலண்ணே. ஏறுனா கோயில் வரைக்கும் நாந்தான். ஜூலைல கோர்ட்டுக்குப் போறவன்தான் ஓட்டுறான், எல்லாரும் பாத்துக்குங்க. வேணாம்னா இப்பவே சொல்லிருங்க, நா வீட்டுக்குப் போறேன்."

கயிறு பிடித்தவர்களில் மூன்றாவது சந்து மேரி கத்தினாள்: "கை எரியுது, ஏறு ஆரோக்கியம்!"

அவன் ஏறவில்லை. சவரி அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றான். அவர் கூட்டத்தைப் பார்த்தார், சுரூபத்தைப் பார்த்தார். பிறகு போய் லோரிக் கதவைத் திறந்து பிடித்தார்.