நான் நின்ற இடம்

தம்பி,

இன்று காலை நம் பழைய அலுவலகமான மின்சாரக் கந்தோரிலிருந்து ஒரு பெண்பிள்ளை, டெப் என்கிற கைக்கணினியுடன் எங்கள் ஒழுங்கைக்கு வந்தாள். வெள்ளவத்தை வெயிலுக்குப் பயந்து என் வீட்டு மதில் நிழலில் நின்றபடியே வீதிக்கு மறுபக்கம் இருந்த மின்கம்பத்தைப் படம் எடுக்கப் போனாள்.

“பிள்ளை, இஞ்ச நிண்டு எடுக்காதேங்கோ!” என்று கத்திவிட்டேன்.

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். “இது ஜிபிஎஸ் அங்கிள். இடத்தை அதுவே பதிஞ்சுகொள்ளும்.”

“அதுதான் பிள்ளை பிரச்சினை.”

சொன்னது நான். ஆனால் அது உன்னுடைய பேச்சு.

கம்பம் பார்க்கும் வேலையில் உனக்கு முன்பே இருந்தவன் நான். யாரும் எனக்குக் கற்றுத் தரவில்லை. பழைய வரைபடங்களை நானே வாசித்து, ஒழுங்கை ஒழுங்கையாக நடந்து, கம்பங்களின் இலக்கங்களை மனதில் ஏற்றிக்கொண்டேன். டெப் வந்ததும் பொறுப்பை உன்னிடம் கொடுத்தார்கள். எல்லாரும் உன்னை சேர் என்றார்கள். பத்து வயது இளையவனை அப்படிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. கூட்டத்திலும் தம்பி என்றே கூப்பிட்டேன்.

“அண்ணன் என்னைய சேர் எண்டு கூப்பிட்டா மழை பெய்யும்” என்று சிரிப்பாய்.

“அப்ப கொழும்பு காயட்டும்” என்பேன்.

படம் எடுக்குமுன் கம்பத்தடிக்குப் போய்ப் புறங்கையால் தொட வேண்டும் என்பது உன் கட்டளை. உள்ளங்கையால் தொட்டு, கம்பத்தில் மின்சாரம் இருந்தால் விரல்கள் இறுகிப் பிடித்துக்கொள்ளும். “தொடுற தூரத்துல நின்டுதான் எடுக்கணும். இந்த டெப் கம்பம் நிக்கிற இடத்த எழுதாது அண்ணன், நாம நிக்கிற இடத்தத்தான் எழுதும்.”

ஒருநாள், கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் ஒரு கம்பம் சீமெந்து உதிர்ந்து, துருக் கம்பி தெரிய நின்றது. அதன் அடியில் குப்பை நாறியது. எதிரே ஒரு கடை, கடை வாசலில் நல்ல கம்பம் ஒன்று, நிழல். நான் அந்த நிழலில் நின்று, பழுதான கம்பத்தைக் கிட்ட இழுத்துப் படம் எடுத்தேன். இரண்டு கம்பங்களின் இலக்கங்களையும் டியூஷன் விளம்பரங்கள் மூடியிருந்தன. வேலையாட்கள் வந்து, டெப்பின் வரைபடத்தில் புள்ளி காட்டிய கம்பத்தை, அந்த நல்ல கம்பத்தை, பிடுங்கிப் புதியது நட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த மழைக்காற்றில் பழுதான கம்பம் கடைக் கூரை மேல் சரிந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

விசாரணைக்கு முன் டெப்பைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாய்.

“அண்ணன், இத எங்க நின்டு எடுத்தீங்க?”

“கம்பத்தடியிலதான். உன்ர மெஷின்தான் பிழை.”

மாடி வீடுகளுக்கு நடுவில் அது இடத்தைச் சற்று விலக்கிக் காட்டும் என்று நீயே முன்பு சொல்லியிருந்தாய். அதைப் பிடித்துக்கொண்டேன்.

நீ படத்தையே பார்த்தாய்; அடிமுதல் நுனிவரை முழுக் கம்பமும் அதில் இருந்தது. “கம்பத்துட அடியும் ஈக்கி, நுனியும் ஈக்கி” என்றாய் மெதுவாக. தொடும் தூரத்தில் நின்றால் முழுக் கம்பமும் படத்தில் அடங்காது என்பது நம் இருவருக்கும் தெரியும்.

அதை நீ அறிக்கையில் எழுதவில்லை. பழியை உன் மேல் போட்டு, “சரிபார்க்கத் தவறியது நான்” என்று எழுதிக் கையெழுத்து வைத்தாய். பொறுப்பைப் பறித்து உன்னைக் களனியில் ஒரு களஞ்சியத்துக்கு அனுப்பினார்கள். நான் மாலை போட்டு வழியனுப்பப்பட்டு ஓய்வுபெற்றேன்.

அந்தப் பதவி எனக்கு வந்திருக்க வேண்டியது. அதை இன்றும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்த டெப்பும் எனக்கு இன்றுவரை பிடிக்காது. ஆனால் அது பொய் சொல்லவில்லை.

உன் ஜனாஸா அடக்கத்துக்கு மாளிகாவத்தைக்கு வந்தேன். உன் மகன் என் கையைப் பிடித்து, “வாப்பா எப்பவும் ஒங்களப் பத்திப் பேசுவார், கம்பமெல்லாம் மனப்பாடம் எண்டு” என்றான். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

இன்று அந்தப் பெண்பிள்ளையை வீதி கடக்க வைத்தேன். கம்பத்தடியில் நிறுத்தி, “புறங்கையால தொட்டுப்போட்டு எடுங்கோ” என்றேன். தொட்டாள். எடுத்தாள்.

“இதெல்லாம் ஆர் அங்கிள் சொல்லித் தந்தது?”

“என்ர சேர்” என்றேன்.

மழை பெய்யவில்லை, தம்பி. வெயில் அப்படியேதான் நின்றது.