பதினொரு மூட்டை வெள்ளைத்தாள்

4.7.1985
இன்றும் அச்சகத்தின் பின்னால் குழியில் காகிதக் கழிவை எரித்தார்கள். புகை முழுவதும் பைண்டிங் கொட்டகைக்குள்தான் போகிறது. சென்னம்மாள் அக்கா இருமி இருமி நோட்டு தைத்துக்கொண்டிருந்தார். முன்னறையில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் முதலாளிக்கு அது எங்கே கேட்கப்போகிறது? கட்டிங் மெஷினில் தாளை வெட்டி அந்தக் குப்பையை உண்டாக்குகிறவன் நான். அதுதான் இன்னும் எரிச்சல்.

8.7.1985
முதலாளி மாதப்பனிடம் கேட்டே விட்டேன். வெள்ளைத் துண்டு தனி, அச்சான தாள் தனி என்று மூட்டை கட்டினால் சேலத்துப் பழைய பேப்பர் வியாபாரி மில்லுக்கு எடுத்துக்கொள்வார், எரிக்க வேண்டியதில்லை என்றேன்.
"குப்பையிலயும் சாதி பிரிக்கறியா பாஷா?" என்று சிரித்தார். பிறகு, "பூஜ வரைக்கும் பாரு. அந்தாளு வேணாம்னுட்டா மறுபடி குழிதான்" என்றார்.

19.8.1985
வெள்ளை மூட்டைக்குள் டீக்கறை பட்ட தாள். கறை பட்டதை வியாபாரி எடுக்கமாட்டார் என்று எத்தனை முறை சொல்வது? எனக்கென்ன தலையெழுத்தா?

19.10.1985
பதினொரு மூட்டை சேர்ந்துவிட்டது. ஒரு கறை கிடையாது. 24ஆம் தேதி வியாபாரி வருகிறார். பூஜை லீவுக்கு மொரப்பூரில் தங்கை வீட்டுக்குப் போகிறேன்.

23.10.1985
யா அல்லா! ஆயுத பூஜையில் மெஷின், கத்தி, பசை வாளி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தவர்கள் என் மூட்டைகளையும் விடவில்லை. மஞ்சத் தண்ணி தெளிச்சு, குங்குமத்தக் கரைச்சு அப்பி — பதினொண்ணுக்கும்! சாக்கில் ஊறி உள்ளே தாளெல்லாம் மஞ்சள். மூணு மாசம் குனிஞ்சு குனிஞ்சு பொறுக்கினேனே, இதுக்கா?
பொட்டு வைத்தது சென்னம்மாள் அக்காவாம். அவர் முகத்துக்கு நேராகவே கத்தினேன்.
"மெசினுக்கெல்லாம் வெச்சோம் பாய். நீங்க பாடுபட்டதுக்கு மட்டும் வெக்காம வுட்டா நல்லாவா இருக்கும்?" என்றார். சொல்லிவிட்டு இருமினார்.
அவர் சொன்னது நியாயமாகப் பட்டதால் கோபம் இன்னும் ஏறியது. முதலாளி வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார். நாளைக்குத் தீப்பெட்டியோடு வருவார்.

24.10.1985
காலை ஆறு மணிக்கே போனேன். எனக்கு முன்னால் சென்னம்மாள் அக்காவும் பைண்டிங் பெண்கள் மூன்று பேரும் மூட்டைகளை அவிழ்த்து மஞ்சள் பட்ட தாளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நானும் உட்கார்ந்து பொறுக்கினேன்.
ஒன்பது மூட்டை தேறியது. வியாபாரி கையை விட்டுத் துழாவிப் பார்த்து, "அடுத்த மாசமும் வரட்டுங்களா?" என்று கேட்டார். முதலாளி என் முகத்தைப் பார்க்காமல் சரியென்று தலையாட்டினார்.
அக்காவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்கவில்லை. இந்த வாய் கத்துவதற்கு மட்டும்தான் லாயக்கு.

10.10.1986
பூஜைக்காக அச்சகத்தைக் கழுவுகிறார்கள். பின்னால் இருந்த குழியை ஆடியிலேயே மூடியாகிவிட்டது.
இந்த முறை நான் ஊருக்குப் போகவில்லை. ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு அட்டையைக் கட்டித் தொங்கவிட்டு, அதன் நடுவில் ஒரு வட்டம் போட்டேன்.
"பொட்டு இதுக்குள்ளதான் வெக்கணும்க்கா. ஒரு சொட்டு தண்ணி தெளிச்சாலும் கத்துவேன்" என்றேன்.
சென்னம்மாள் அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். இருமல் வரவில்லை.