படத்தில் ஆள் இல்லை

நிலவின் தென் துருவ நிலையம். பதிபவர்: செங்கமலம், படப் பகுப்பாய்வு.

நாள் 61, 09:10
பள்ளத்தின் விளிம்புக் கோபுரத்தில் இரண்டு கேமராக்கள். ஒன்று வெளிச்சத்தைப் பார்க்கும். மற்றது அகச்சிவப்பில் வெப்பத்தைப் பார்க்கும். இரண்டையும் சேர்த்து ஒரே தெளிவான படமாக்குவது என் வேலை. நேற்று பூமியிலிருந்து புது மென்பொருள் வந்தது. இயக்குநர் நாகசுந்தரத்தின் ஏற்பாடு. வெளிச்சத்தில் உருவம் தெரியாத வெப்பப் புள்ளிகளை இரைச்சல் என்று அழித்துவிடுகிறது. மிஞ்சும் படத்தைக் காலண்டரில் போடலாம், அவ்வளவு அழகு. ஆட்சேபித்தேன். பதில்: "பத்திரிகைக்குப் புள்ளி புள்ளியா குடுக்க முடியாதும்மா."

13:25
இங்கே என்னைத் தவிர இருக்கும் ஒரே ஆள் இன்பராஜ். பனிக்கட்டி மாதிரிகள் எடுக்க, வெயிலே படாத பள்ளத்துக்குள் போயிருந்தார். அவர் செய்தி: "மேடம், வண்டி சாஞ்சிட்டு. கால் அடியில மாட்டிக்கிட்டு. பதறாதீங்க, மெதுவா வாங்க." இடம் சொல்வதற்குள் தொடர்பு அறுந்தது. உடுப்பில் நான்கு மணி நேரக் காற்று.

13:50
சேர்த்த படத்தில் வெறும் இருட்டு. அகச்சிவப்பைத் தனியே போட்டேன். வடக்குச் சரிவில் ஒரே ஒரு வெப்பப் புள்ளி. அவர்தான். இரண்டாவது வண்டியின் பூட்டு பூமியின் அனுமதி இல்லாமல் திறக்காது. அந்த அகச்சிவப்புப் படத்தை அனுப்பிக் கேட்டேன்.

15:10
நாகசுந்தரத்தின் பதில்: "சேர்த்த படத்துல ஆளே இல்லையேம்மா. உங்களையும் இழக்க முடியாது. குழு கூடிப் பேசிட்டுச் சொல்றோம்."
தாங்களே அழித்துவிட்டு, இல்லை என்கிறார்கள். இவர்களுக்குப் பேர் நிபுணர் குழு.

16:55
குழு இன்னும் பேசுகிறது. பூட்டின் கம்பியை வெட்டிவிட்டேன். நான்கு நிமிட வேலை. இதை 13:50க்கே செய்திருக்கலாம். அனுமதி கேட்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நாகசுந்தரத்தைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

18:05
புள்ளி இருந்த இடத்திலேயே இருந்தார். உடுப்புக் கருவியில் இதயம் நின்ற நேரம் 17:31. வண்டியைத் தூக்கிப் பார்த்தேன். அசையவில்லை. அவரை எடுக்க முடியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம்

நாள் 62, 11:00
நாகசுந்தரம்: "அஞ்சலிக்கு அந்த இடத்தோட படம் வேணும்மா. ரெண்டையும் சேர்த்து, தெளிவா அனுப்புங்க."
அகச்சிவப்பை மட்டும் அனுப்பினேன். புள்ளி எதுவும் இல்லை. இவர்கள் எதையும் அழிக்க வேண்டியதில்லை. பாறையும் இன்பராஜும் இப்போது ஒரே நிறம்.