எண்பத்துநான்கு கிலோமீட்டருக்கு அரைப்பேர்கூட இல்லை

மேல் டிவிசன்,
அக்கரப்பத்தனை.
செப்டம்பர் 21, ஞாயிறு

அன்புள்ள மகன் நிரோஷனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் அக்கரப்பத்தனை மழையும் சுகமாக இருக்கிறோம், அங்கே அல்ப்ஸ் மலை நாட்டில் நீயும் உன் முழங்காலும் அதேபோல் சுகமாக இருக்க மாரியம்மன் துணை நிற்கட்டும். நீ வீட்டோடு பேசி இன்றைக்கு இருபத்திரண்டு நாள். அம்மா தினமும் சாயந்திரம் வேலை முடிந்து கூடையை இறக்கியதும் முகம்கூடக் கழுவாமல் பீலிக்கரைக்குப் போய், சிக்னல் கிடைக்கிற அந்த ஒரே கல்லில் ஏறி நின்று உனக்குப் போன் அடிக்கிறாள், மணி அடித்து அடித்து ஓய்ந்துபோகிறது. தண்ணீர் பிடிக்க வருகிறவர்கள் மகன் பேசினாரா என்று கேட்டால் அவனுக்கு ஹோட்டலில் சீசன் வேலை என்று பொய் சொல்கிறாள். இரண்டு வாரமாகச் சோறு பாதி தட்டிலேயே கிடக்கிறது, சட்டை தோளில் தொங்குகிறது. பார்க்கப் பொறுக்காமல் உன் அறையில் இருக்கிற மதுரனுக்கு நானே எடுத்துக் கேட்டேன். யாழ்ப்பாணத்துப் பிள்ளை என்றாலும் நல்ல பிள்ளை, ஒளிக்காமல் சொன்னான். அவர் வேலைக்குப் போறார், வாறார், ஆனா ஒருத்தரோடயும் கதைக்கிறார் இல்லை ஐயா என்றான். மிச்சத்தையும் சொன்னான், அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் நீ ஓடிய அந்த மலை ஓட்டத்தைப் பற்றி எழுதிவிடுகிறேன், அடக்கி வைத்தால் எனக்கு நெஞ்செரிச்சல் வரும். நூறு கிலோமீட்டர் மலையில் ஏறி இறங்கி, கடைசியில் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டுமாம். அதற்குப் பணமும் கட்ட வேண்டுமாம், இருதயம் நன்றாக இருக்கிறது என்று டாக்டரிடம் கடிதமும் வாங்க வேண்டுமாம். மூளை நன்றாக இருக்கிறது என்று கடிதம் கேட்கவில்லையா என்று மதுரனிடம் கேட்டேன், சிரித்துவிட்டான். வழிநெடுக மேசை போட்டு வாழைப்பழமும் சூப்பும் கொடுப்பார்களாம், ஊர்ச்சனம் மாட்டு மணியை ஆட்டி உற்சாகப்படுத்துமாம். உன் அம்மா முப்பத்தொரு வருஷமாகக் கூடையோடு பன்னிரண்டாம் நம்பர் மலையில் ஏறி இறங்குகிறாள், அவளுக்கு ஒருவரும் மணி ஆட்டவில்லை, அட்டைதான் காலைக் கடித்தது. இங்கேயும் அந்தக் கூட்டம் வருகிறது. ஒரு கம்பு போதாதென்று ஆளுக்கு இரண்டு கம்பு, முதுகில் தண்ணீர்ப் பை, அதிலிருந்து வாய்க்கு ஒரு குழாய், ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து தப்பி ஓடி வந்தவர்கள் மாதிரி. போன மாதம் ஒருவன் என் எதிரில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டே இந்த மலை பியூட்டிஃபுல் என்றான். ஒரு நாள் கவ்வாத்துக் கத்தியைக் கையில் கொடுத்து அதே மலையில் தேயிலை வெட்ட விட்டால் என்ன சொல்வான் என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கூட்டத்தில் போய் என் மகனும் சேர்ந்திருக்கிறான், இரண்டு கால் நகம் கழன்று விழுந்ததுதான் மிச்சம்.

அதைவிடப் பெரிய கூத்து இங்கே வீரய்யா ஆடியது. கோயில் கமிட்டித் தலைவர் ஆனதிலிருந்து அந்த மனுஷனுக்குப் பேனர் அடிக்காவிட்டால் தூக்கம் வராது. நீ ஓடுவதற்கு முதல் நாளே, அல்ப்ஸ் மலையை வென்ற எங்கள் தோட்டத்துச் சிங்கம் என்று உன் படத்தைப் போட்டுக் கோயில் வாசலில் கட்டிவிட்டார். முதலில் ஓடி முடிக்கட்டுமே என்றேன். நம்ம புள்ள மலையில பொறந்தவன், முடிக்காம எங்க போயிருவான், நீங்க சும்மா இருங்கண்ணே என்றார். திருவிழாவில் எடுத்த படம், திருநீறு பூசி நிற்கிறாய், பின்னால் எங்கிருந்தோ வெட்டி ஒட்டிய பனிமலை. அதை பேஸ்புக்கிலும் போட்டுத் தோட்டமே வாழ்த்துச் சொன்னது, அதைப் பார்த்துத்தான் நீ வாயை மூடிக்கொண்டாயாம். வீரய்யாவின் பேனருக்கு வெட்கப்பட்டா பெற்றவளிடம் பேசாமல் இருப்பது? போன தேர்தலில் தோற்றுப்போனவருக்கும் அதே கம்பத்தில் வெற்றி வாழ்த்துத் தொங்கியது, அவர் தினமும் அதன் கீழே நின்றுதான் பஸ் ஏறினார்.

இனி மதுரன் சொன்ன மிச்சம். ஒரு வயதான இத்தாலிக்காரர் பாறையில் சறுக்கிக் காலை முறித்துக்கொண்டாராம், நீ உன் ஜாக்கெட்டைக் கழற்றி அவருக்குப் போர்த்தி, தூக்க ஆட்கள் வரும்வரை முக்கால் மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாயாம். மற்றவர்கள் ஒதுங்கி ஒதுங்கி ஓடினார்களாம். எண்பத்துநான்காவது கிலோமீட்டர் மேசைக்கு நீ வந்தபோது குறித்த நேரத்துக்கு ஒன்பது நிமிடம் பிந்திவிட்டதென்று நெஞ்சில் இருந்த நம்பரைக் கத்தரித்து எடுத்து உன்னை பஸ்ஸில் ஏற்றிவிட்டார்களாம். ஏன் பிந்தியது என்று அவர்களும் கேட்கவில்லை, நீயும் வாய் திறக்கவில்லை. நம் தோட்டத்துக் கணக்கப்பிள்ளைமார் எவ்வளவு கல்நெஞ்சுக்காரர்கள் என்று உனக்குத் தெரியும், கொழுந்து குறைந்தால் அவர்கள்கூட அரைநாள் சம்பளத்துக்கு அரைப்பேர் போடுவார்கள். இந்தச் சீமான்கள் எண்பத்துநான்கு கிலோமீட்டருக்கு அரைப்பேர்கூடப் போடவில்லை, முடிக்கவில்லை என்று ஒரே சொல்லில் எழுதி மூடிவிட்டார்கள். அப்பேர்ப்பட்டவர்களின் புத்தகத்தில் பேர் விழவில்லை என்று நீ முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிகிறாய்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும், இதுவரை வெட்கத்தில் சொன்னதில்லை, அம்மாவுக்கே பாதிதான் தெரியும். நீ பிறந்த அன்று அவளுக்குப் பின்னிரவிலேயே வலி எடுத்தது. வாகனம் கிடைக்கவில்லை. கீழ் டிவிசனிலிருந்து உன் மாமன்மார் வந்தார்கள், கம்பளியைக் கம்பில் கட்டி அவளைக் கிடத்தி நாலு மைல் தூக்கிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆம்பிளைகளுக்கு இங்கே வேலையில்லை என்று நர்ஸ் மிஸ்ஸி என்னை வெளியே அனுப்பிவிட்டார். சரி, அன்றைய சம்பளப் பேராவது தப்பட்டும் என்று அந்த நாலு மைல் ஏற்றத்தையும் வெறுங்காலோடு ஓடினேன். காலையில் ஆள் கூப்பிடுகிற பெரட்டுக் களத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆட்களைப் பிரித்து மலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கணக்கப்பிள்ளை பேர் எழுதும் செக்ரோலை மூடிவிட்டு, நேரம் போச்சு, வீட்டுக்குப் போ என்றார், அத்தனை பேர் முன்னாலும். எங்கிருந்து ஓடி வருகிறேன் என்று அவர் கேட்கவில்லை, ரோஷத்தில் நானும் சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் ஆஸ்பத்திரிக்கே நடந்தேன், வேறு எங்கே போவது. நான் போனபோது நீ பிறந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை. மிஸ்ஸி உன்னைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். அன்று சாயந்திரம்வரை வாங்குப் பலகையில் உட்கார்ந்து உன்னை மடியில் வைத்திருந்தேன். பேர் விழுந்திருந்தால் இருட்டிய பிறகுதான் உன்னைப் பார்த்திருப்பேன். முப்பத்துநாலு வருஷத் தோட்ட வேலையில் பேர் விழுந்த நாட்களில் ஒன்றுகூட எனக்குத் தனியாக ஞாபகம் இல்லை, மகன்.

முழங்காலுக்கு நல்லெண்ணெயைச் சூடாக்கிப் பூசு, நகம் முளைக்கும்வரை இறுக்கமான சப்பாத்துப் போடாதே. இந்தக் கடிதம் கிடைக்கிற அன்று, எங்கள் நேரம் சாயந்திரம் ஐந்தரைக்கு அம்மாவுக்கு எடு. சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும் அம்மா என்று கூப்பிடு, மீதியை அவளே பேசிக்கொள்வாள். எந்த ஆபத்தும் அண்டாமல் நீ நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். அடுத்த வருஷமும் அந்தப் பைத்தியக்காரக் கூட்டத்தோடு ஓடத்தான் போகிறாய் என்று எனக்குத் தெரியும், ஓடு. வழியில் யாராவது விழுந்து கிடந்தால் அப்போதும் பிந்தியே போ.

உன்னை முதலில் கையில் வாங்கிய
அப்பா
சி. பழனியாண்டி